திருகாணியிலிருந்து ஈயப்பற்று வரை: விளையாட்டு மடிக்கணினியின் கதை

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் வருடந்தோறும் நடைபெறும் நுகர்வோர் இலத்திரனியல் கண்காட்சியின்போது டெல் நிறுவனம் புதிய மடிக்கணினி ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஏலியன்வெயார் ஏரியா-51எம் என்பது அதன் பெயர். கிட்டத்தட்ட நான்கு கிலோ எடை. மேசைக்கணினிக்குரிய இன்டெல் ஒன்பதாம் தலைமுறைப் புரொசசர் அதனுள் பொருத்தப்பட்டிருந்தது. இயந்திரத்துக்கு மின்சாரம் போதாது என்று ஒன்றுக்கு இரண்டு மின்இணைப்புப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. ஆயினும் அன்று செய்தியாளர்களின் கவனத்தை ஈர்த்தது அதன் எடையோ வேகமோ அல்ல. புரொசசரையும் கிராபிக்ஸ் அட்டையையும் வாங்கியவரே பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனம் அளித்த வாக்குத்தான் தலைப்புச் செய்தியாயிற்று.

அடுத்த வருடமே இன்டெல் பத்தாம் தலைமுறைப் புரொசசரை வெளியிட்டது. அது முந்திய பொருத்தியில் அமரவில்லை. புதிய புரொசசருக்காக டெல் நிறுவனம் அதே மடிக்கணினியின் இரண்டாவது பதிப்பை விற்பனைக்கு விட்டது. முதற்பதிப்பை வாங்கியவர்களின் கையில் வாக்குறுதி மட்டுமே எஞ்சியது. 2021ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சமஷ்டி நீதிமன்றம் ஒன்றில், வாடிக்கையாளர்கள் தவறாக வழிநடத்தப்பட்டனர் என்று குற்றஞ்சாட்டும் வழக்கொன்று, இவ்விதம் வாங்கிய அனைவர் சார்பாகவும் தாக்கல் செய்யப்பட்டது.

ஒரு மடிக்கணினியின் மூளையையும் கண்ணையும் மாற்ற முடியும் என்பது 2019இல் ஏன் அதிசயச் செய்தியாக இருந்தது? பத்து வருடங்களுக்கு முன்னர் கடைத்தெருவில் உள்ள எந்தத் திருத்துநரும் திருகாணிக் கோலொன்றின் துணையோடு செய்த வேலையல்லவா அது? இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினி விளையாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் வாசகர்கள் இருப்பர். விளையாட்டுக்கென உருவாக்கப்பட்ட மடிக்கணினிகளே திறப்பதற்கும் மாற்றுவதற்கும் மிக நீண்டகாலம் இடம் கொடுத்தவை. மற்றைய மடிக்கணினிகளுக்கு முன்னரே நேர்ந்த கதி இவற்றுக்குக் கடைசியாக நேர்ந்தது. ஆகையால் இவற்றின் வரலாறு, நம் வீடுகளில் உள்ள எல்லா மடிக்கணினிகளின் வரலாறும் ஆகும்.

யாருக்காகத் திறந்திருந்தது?

1981 ஓகஸ்ட் மாதம் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியின் மூடியைக் கழற்றினால் உள்ளே எல்லாம் தெரிந்தது. கூடுதல் அட்டைகளைச் செருகுவதற்குத் துளைகள் இருந்தன. கணிதச் செயற்பாடுகளைத் துரிதப்படுத்தும் 8087 என்ற துணைப் புரொசசருக்கு வெற்றிடம் ஒன்று விடப்பட்டிருந்தது. மின்சுற்று வரைபடங்களோடு கூடிய தொழில்நுட்பக் கைந்நூலையும் ஐபிஎம் விற்றது. மேசைக்கணினி என்றால் பகுதி பகுதியாக மாற்றத்தக்க பொருள் என்ற எண்ணம் அன்றுதான் நிலைகொண்டது.

மடிக்கணினிக்கு அந்தப் பேறு முழுமையாக ஒருபோதும் கிட்டவில்லை. இடநெருக்கடி, வெப்பம், மின்கல ஆயுள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு உற்பத்தியாளரையும் தத்தமக்கேற்ற வடிவத்தில் தாய்ப்பலகையை அமைக்கச் செய்தன. எனினும் புரொசசர் மட்டும் பல மடிக்கணினிகளில் கழற்றத்தக்கதாகவே இருந்தது. 1990களின் பிற்பகுதியில் இன்டெல், புரொசசரையும் அதன் துணைச் சில்லையும் ஒரே சிறு பலகையில் சேர்த்து, மடிக்கணினி உற்பத்தியாளர்களுக்கு விற்றது. பின்னர் ஊசிகள் கொண்ட புரொசசர்களும் அவற்றை ஏற்கும் சொக்கெட் என்னும் பொருத்திகளும் பரவலாயின.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்தப் பொருத்தி நமக்காக வைக்கப்பட்டதன்று. ஓர் உற்பத்தியாளர் ஒரே தாய்ப்பலகையைப் பல்லாயிரக்கணக்கில் செய்து களஞ்சியப்படுத்திவிட்டு, வரும் கட்டளைக்கு ஏற்ப மலிவான புரொசசரையோ விலையுயர்ந்த புரொசசரையோ கடைசி நேரத்தில் பொருத்தி அனுப்பலாம். பழுதானால் புரொசசரை மாத்திரம் மாற்றலாம். தொழிற்சாலையின் வசதிக்காக வைக்கப்பட்ட கதவு அது. அதன் வழியே வாடிக்கையாளரும் உள்ளே நுழைந்துகொண்டார். கதவு பின்னர் எப்படி மூடப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஓர் உண்மையே போதுமானது. தொழிற்சாலையின் வசதி மாறியபோது கதவும் மூடப்பட்டது.

அரைத் திருப்பில் திறந்த பூட்டு

2003 முதல் 2013 வரையான பத்து வருடங்களை மடிக்கணினிப் புரொசசர் மாற்றத்தின் பொற்காலம் எனலாம். பொருத்தியின் ஓரத்தில் ஒரு சிறு திருகாணித் தலை இருக்கும். அதனை அரைவட்டம் திருப்பினால் பிடி தளரும். பழைய புரொசசரை எடுத்துவிட்டு, மூலையிலுள்ள அடையாளம் பார்த்துப் புதியதை வைத்து, மறுபடியும் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அதன் மீது வெப்பப்பசை சிறிதளவு இட்டு, செம்புக்குழாயுள்ள வெப்பத்தணிப்பானை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

2006ஆம் ஆண்டை உதாரணமாகக் கொள்ளலாம். அவ்வருட ஜனவரியில் கோர் டுவோ புரொசசருடன் மடிக்கணினி வாங்கியவர், அதே வருடம் வெளிவந்த கோர் 2 டுவோவை அதே பொருத்தியில் வைக்க முடிந்தது. முந்தியது 32 பிட், பிந்தியது 64 பிட். ஒரு தலைமுறையையே தாண்டிய அந்த மாற்றத்துக்குத் தேவைப்பட்டது, கணினியை முதலில் தட்டி எழுப்பும் பயோஸ் மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்று மாத்திரமே. அதை வழங்கும் மனம் உற்பத்தியாளருக்கு இருந்தால் போதும்.

ஆனால் பொருத்திகள் அடிக்கடி மாறின. 2009இல் ஒன்று, 2011இல் இன்னொன்று, 2013இல் மற்றொன்று. முதலிரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றமும் 988 ஊசித் தொடர்புகளும் கொண்டவை. இருந்தும் ஒன்றுக்குரிய புரொசசர் மற்றதில் அமராது. ஆகவே பெரும்பாலும் ஒரே குடும்பத்துக்குள், மெதுவான உறுப்பினரை அகற்றி வேகமான உறுப்பினரை வைப்பதே நடைமுறையில் சாத்தியமாயிற்று. அதிலும் வெப்ப எல்லை குறுக்கே நின்றது. 37 வோட் வெப்பத்துக்கு அமைக்கப்பட்ட தணிப்பானில் 57 வோட் புரொசசரை வைத்தால் அது சூடேறி, தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் விசிறியின் இரைச்சலாக மாறிவிடும்.

2013ஆம் ஆண்டின் நான்காம் தலைமுறையோடு இன்டெல்லின் மடிக்கணினிப் பொருத்திகள் முடிவுக்கு வந்தன. அடுத்த தலைமுறையின் மடிக்கணினிப் புரொசசர்கள் அனைத்தும், அடியில் நுண்ணிய ஈயக்குமிழிகளோடு, தாய்ப்பலகையில் நிரந்தரமாகப் பற்றவைக்கப்படும் வகையில் மட்டுமே வந்தன.

ஒரு பொதுவிதியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கிராபிக்ஸ் அட்டையின் கதை இதனிலும் சுவையானது. விளையாட்டு மடிக்கணினி முதலில் கிழடாவது இந்த உறுப்பில்தான். திரை நன்றாக இருக்கும், விசைப்பலகை நன்றாக இருக்கும், புரொசசரும் ஓரளவு ஈடுகொடுக்கும். புதிய விளையாட்டுகளின் காட்சிகளை வரைவதற்கு மட்டும் மூன்று நான்கு வருடப் பழைய சில்லுக்கு மூச்சு முட்டும்.

என்விடியா நிறுவனம் மடிக்கணினிக்கென ஜீபோர்ஸ்2 கோ என்ற தனது முதலாவது சில்லை 2000 நவம்பரில் அறிவித்தது. அக்காலத்தில் டெல்லின் இன்ஸ்பிரோன் 8000 வரிசை போன்ற சில மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் பகுதி தனிப்பலகையாக இருந்தது. விடயம் தெரிந்தவர்கள் அதே வரிசையின் பிந்திய பலகையை வாங்கி முந்திய இயந்திரத்தில் செருகினர். ஆனால் ஒரு நிறுவனத்தின் பலகை இன்னொரு நிறுவனத்தின் கணினிக்குப் பொருந்தாது. ஏன், ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கிடையே கூடப் பொருந்தாது.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொதுவிதியாக 2004இல் எம்எக்ஸ்எம் என்ற வடிவமைப்பை என்விடியா முன்வைத்தது. அதே வருடம் போட்டி நிறுவனமான ஏடிஐ, அக்சியம் என்ற தனது வடிவமைப்பைக் கொண்டுவந்தது. போட்டியில் எம்எக்ஸ்எம் நிலைத்தது. அதன் மூன்றாம் பதிப்பு இரு அளவுகளை வரையறுத்தது. இரண்டுக்கும் அகலம் 82 மில்லிமீற்றர். சிறியதன் நீளம் 70, பெரியதன் நீளம் 105. சிறியது 55 வோட் வரைக்கும், பெரியது 75 வோட்டும் அதற்கு மேலும் ஏற்கத்தக்கது. அளவு, துளை, ஊசி, மின்சாரம் அனைத்தும் எழுத்தில் இருந்தன. மேசைக்கணினியைப் போலவே மடிக்கணினிக்கும் கடையில் அட்டை வாங்கிப் பொருத்தும் காலம் வந்துவிட்டதென்று பலரும் நம்பினர்.

வரவில்லை. பொதுவிதி அட்டையின் உருவத்தை வரையறுத்ததே தவிர, அட்டையைச் சூழ்ந்திருந்த உலகத்தை வரையறுக்கவில்லை. சில்லும் நினைவகமும் அட்டையில் எங்கெங்கு அமையும் என்பது மாறினால் வெப்பத்தணிப்பானின் உருவமும் மாறவேண்டும். அட்டையின் பயோஸ் தாய்ப்பலகையின் பயோஸோடு பேசவேண்டும். அறியாத அட்டையைக் கண்டால் கணினி விழித்தெழவே மறுக்கும், அல்லது எழுந்தாலும் விசிறியைச் சுழற்றாது. இயக்கி மென்பொருளும் ஒரு தடையாக இருந்தது. 2008 டிசம்பர் வரை என்விடியா மடிக்கணினிகளுக்கான இயக்கிகளைத் தானே நேரடியாக வழங்கவில்லை. மடிக்கணினி உற்பத்தியாளர் எப்போது தருகிறாரோ அப்போதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அட்டைகள் சில்லறைக் கடைகளுக்கு வரவேயில்லை. உதிரிப்பாகச் சந்தையிலும், உடைந்த கணினிகளின் வயிற்றிலுமே அவற்றைத் தேடவேண்டியிருந்தது.

2008 ஜூலை மாதம் ஒரு விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. தனது மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதியமைப்பில் பலவீனம் இருந்ததாக என்விடியா ஒப்புக்கொண்டு, திருத்தச் செலவுகளுக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டெல், எச்பி, அப்பிள் ஆகியன பாதிக்கப்பட்ட மாதிரிகளுக்கு உத்தரவாதத்தை நீடித்தன. அட்டை தனியாக இருந்த மடிக்கணினியில் அட்டையை மட்டும் மாற்றினால் போதும். பற்றவைத்த மடிக்கணினியிலோ முழுத் தாய்ப்பலகையும் போகவேண்டும். உத்தரவாதம் முடிந்தபின் அது கணினியின் விலையில் பெரும் பங்கு. மாற்றத்தக்க பகுதி என்பது ஆடம்பரம் என்று எண்ணியவர்களுக்கு, அது திருத்தத்தக்க பகுதியும் ஆகும் என்பதை இச்சம்பவம் உணர்த்தியிருக்க வேண்டும்.

இவ்வளவு தடைகளுக்கும் இடையே அட்டை மாற்றியவர்கள் உலகெங்கும் இருந்தனர். தாய்வானின் கிளெவோ நிறுவனம் தயாரித்து வேறு பல பெயர்களில் விற்பனையான கனத்த மடிக்கணினிகளே அவர்களுக்குப் புகலிடமாயின. எந்த அட்டை எந்த மாதிரிக்குப் பொருந்தும், தணிப்பானின் எந்த ஓரத்தை அரவவேண்டும், இயக்கிக் கோப்பில் எந்த வரியைச் சேர்க்கவேண்டும் என்று அவர்கள் தமக்குள் எழுதிவைத்தனர். அந்த அறிவின் பெரும் களஞ்சியமாக விளங்கிய நோட்புக்ரிவியூ இணையக் கருத்துக்களம் 2022 ஜனவரி இறுதியில் மூடப்பட்டது. எந்த உற்பத்தியாளரும் எழுதாத கைந்நூல் ஒன்று அதனோடு கலைந்தது என்றே கொள்ளவேண்டும்.

பம்பலப்பிட்டியில் இரண்டு மணித்தியாலம்

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எனது மருமகன் ஒருவனுடன் பம்பலப்பிட்டியிலுள்ள ஒரு திருத்தகத்துக்குச் சென்றிருந்தேன். அவன் கைவசம் 2013ஆம் ஆண்டின் விளையாட்டு மடிக்கணினி ஒன்று இருந்தது. கனடாவிலுள்ள அவனது பெரியப்பா தாம் பாவித்து முடித்தபின் கொண்டுவந்து கொடுத்தது. விளையாட்டை விட, திருமண வீடியோக்களைத் தொகுக்கும் தொழிலுக்கே அவனுக்கு அது வேண்டியிருந்தது. அவ்வருடம் மார்ச் மாதத்தில் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்து, மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புதிய கணினி என்ற பேச்சுக்கே அவனிடம் இடமிருக்கவில்லை.

திருத்துநர் அடிமூடியைக் கழற்றி, பல வருடத் தூசியைத் தூரிகையால் தட்டினார். புரொசசர் கோர் ஐ7 4700எம்கியூ. அதை எடுத்துவிட்டு, அதே 47 வோட் எல்லைக்குள் அடங்கும் 4910எம்கியூவை வைத்தார். வேகம் கூடும், வெப்பத்தணிப்பானுக்குப் புதிய சுமையில்லை. ஜிடிஎக்ஸ் 770எம் அட்டைக்குப் பதிலாக, வெளிநாட்டில் உடைத்து விற்கப்பட்ட ஒரு கணினியிலிருந்து வந்த ஜிடிஎக்ஸ் 970எம். நினைவகம் 3 ஜிபியிலிருந்து 6 ஜிபியாகியது. நினைவகச் சில்லுகளின் உயரம் வேறுபட்டதால் வெப்பத்தாள்களை வெட்டிப் பொருத்தினார். இயக்கி முதலில் ஏற்க மறுத்தது. கோப்பொன்றில் அடையாள இலக்கத்தைச் சேர்த்தபின் ஏற்றுக்கொண்டது. இரண்டு மணித்தியாலம் சென்றது. செலவு, அன்றைய புதிய கணினியொன்றின் விலையில் ஐந்திலொரு பங்குகூட வரவில்லை.

"இனி வாற மெசினுகளில இந்த வேலை இல்லை ஐயா. எல்லாம் ஒட்டித்தான் வருது" என்று திருத்துநர் சொன்னார். குறையாக அல்ல, தொழில் நிலவரமாகவே சொன்னார். திருத்துநர் ஒருவரின் இரண்டு மணித்தியாலக் கைவேலைக்கு இருந்த இடம், தொலைதூரத்து வடிவமைப்பு மேசையொன்றில் நீக்கப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள்.

மூடியவர்களின் நியாயம்

மறுதரப்பு நியாயத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. 2008 ஜனவரியில் அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் காகித உறையொன்றிலிருந்து மெக்புக் எயர் மடிக்கணினியை உருவி எடுத்துக் காட்டினார். அதன் நினைவகம் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தது. மெலிந்த உடலே அன்றிலிருந்து அழகின் இலக்கணமாயிற்று. 2011இல் இன்டெல், அல்ட்ராபுக் எனப்பட்ட மெல்லிய மடிக்கணினிகளை ஊக்குவிக்க 300 மில்லியன் டொலர் நிதியமொன்றை அறிவித்தது. பொருத்தி வைத்தால் உயரம் கூடும். பற்றவைத்தால் சில மில்லிமீற்றர் மிச்சம், ஒரு பகுதியின் விலை மிச்சம், தளர்ந்த தொடர்புகளால் வரும் கோளாறும் குறைவு. அதிவேக நினைவகம் சில்லுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு மின்சைகை சுத்தமாக இருக்கும். இவை பொய்க் காரணங்கள் அல்ல. மக்களும் மெல்லிய கணினிகளையே விரும்பி வாங்கினர்.

விளையாட்டு மடிக்கணினிகள் இந்த அலையைச் சில காலம் எதிர்த்து நின்றன. 2013ஆம் ஆண்டின் ஏலியன்வெயார் 17 மாதிரியில் பொருத்தியும் எம்எக்ஸ்எம் அட்டையும் இருந்தன. 2015 தொடக்கத்தில் வந்த அதன் அடுத்த பதிப்பில் இரண்டுமே பற்றவைக்கப்பட்டிருந்தன. ஈடாக, வெளியே ஒரு பெட்டியில் மேசைக்கணினி அட்டையை வைத்து இணைப்பதற்கு, அந்நிறுவனத்துக்கே உரிய ஓர் இணைப்பு வழங்கப்பட்டது. உள்ளே மூடிய கதவுக்குப் பதிலாக வெளியே ஒரு சன்னல்.

இப்போது 2019ஆம் ஆண்டின் வாக்குறுதிக்கு வருவோம். முதற்தடவையாகக் கதவு தொழிற்சாலைக்காக அன்றி வாடிக்கையாளருக்காகவே திறக்கப்படுவதாகச் சொல்லப்பட்டது. ஆனால் அந்தக் கதவின் பூட்டுகள் பலரிடம் இருந்தன. புரொசசரின் பொருத்தியைத் தீர்மானிப்பது இன்டெல். கிராபிக்ஸ் சில்லின் வெப்பத்தையும் மின்தேவையையும் தீர்மானிப்பது என்விடியா. அட்டையின் உருவத்தைப் பொறுத்தவரை டெல், எம்எக்ஸ்எம் பொதுவிதியைக் கைவிட்டுத் தனக்கேயுரிய வடிவத்தைத் தெரிவு செய்தது. ஆகவே புதிய அட்டையை அந்த ஒரே நிறுவனம் செய்தால்தான் உண்டு. இன்டெல் தனது பொருத்தியை மாற்றிய அன்றே வாக்குறுதியின் பாதி காலாவதியாயிற்று. மீதிப் பாதி, புதிய அட்டையைப் பழைய கணினிக்கென வடிவமைக்கும் விருப்பம் விற்பனையாளருக்கு இல்லாதபோது காலாவதியாயிற்று. 2025இல் ஏரியா-51 என்ற பெயர் மடிக்கணினிகளுக்கு மறுபடியும் சூட்டப்பட்டது. பெயர் திரும்பியது. புரொசசரும் கிராபிக்ஸ் சில்லும் இம்முறை பற்றவைக்கப்பட்டே வந்தன.

திருகாணியால் மட்டும் திறக்காத பூட்டு

வன்பொருள் இடம் கொடுத்தாலும் மென்பொருள் இடம் கொடுக்கவேண்டும் என்பது இக்கதையின் இறுதிப் பாடம். 2021இல் வெளிவந்த வின்டோஸ் 11, இன்டெல் புரொசசர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. என் மருமகனின் கணினியில் அந்தப் பொருத்தி தாங்கக்கூடிய அதியுயர் புரொசசரை வைத்தாலும் அது நான்காம் தலைமுறையே. இலினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் அதை இன்னும் பல வருடங்கள் ஓடவைக்கும். அவனோ தனது தொழிலுக்குரிய மென்பொருளை விட்டு மாறுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

எதிர்த்திசையில் சில முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. 2020இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட பிரேம்வேர்க் நிறுவனம், தாய்ப்பலகையையே முழுதாக மாற்றத்தக்க மடிக்கணினியை 2021 முதல் விற்கிறது. 2024இல் அதன் 16 அங்குல மாதிரி, பின்புறமாகக் கழற்றி மாட்டும் கிராபிக்ஸ் பகுதியோடு வந்தது. முதலில் ஏஎம்டி சில்லோடு வந்த அப்பகுதிக்கு மாற்றாக, 2025இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 சில்லோடு இன்னொன்று அறிவிக்கப்பட்டது. பழைய கணினியில் புதிய பகுதி பொருந்தியது. வாக்கு ஒருமுறையேனும் காப்பாற்றப்பட்டிருக்கிறது. விலை உயர்வானது, நிறுவனம் சிறியது என்ற இரண்டையும் கூடவே சொல்லவேண்டும்.

சட்டமும் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. 2021 ஜனவரி முதல் பிரான்ஸ் நாட்டில் விற்கப்படும் மடிக்கணினிகள் திருத்தத்தகுமை மதிப்பெண்ணைத் தாங்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் திருத்தும் உரிமைக்கான பணிப்புரையை நிறைவேற்றியது. ஆனால் கைபேசியும் குளிர்சாதனப் பெட்டியும் இடம்பெற்ற அதன் பட்டியலில் மடிக்கணினி இடம்பெறவில்லை. 2022ஆம் ஆண்டில் உலகம் 62 மில்லியன் தொன் இலத்திரனியல் கழிவை உருவாக்கியதாகவும், அதில் நாலிலொன்றுக்கும் குறைவானதே முறைப்படி மீள்சுழற்சிக்கு உட்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. ஒரே ஒரு பகுதி முதுமையடைந்ததற்காகக் கைவிடப்படும் கணினிகளும் அக்குவியலில் அடக்கம்.

1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதையும், மின்கலம் கிடைக்காத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதையும் எம்மவர் பெருமையோடு நினைவுகூர்வர். எம்மவரின் கைத்திறன் அதற்கு ஒரு காரணம். அந்தக் காரைச் செய்தவர் அதன் மூடியைப் பூட்டிவைக்கவில்லை என்பது மற்றொரு காரணம். கைத்திறன் இன்றும் இருக்கிறது. இரண்டாவது காரணந்தான் அற்றுப்போய்க்கொண்டிருக்கிறது.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊருக்கு வரும் பயணப்பொதிகளில் பாவித்த மடிக்கணினி ஒன்றாவது இருப்பது வழமை. அதைக் கொண்டுவருவோர், வாங்கும்போதே இரண்டொரு கேள்விகளைக் கேட்பது நன்று. நினைவகமும் சேமிப்பகமும் கழற்றத்தக்கவையா? மின்கலம் திருகாணியால் பிணைக்கப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா? உதிரிப்பாகமும் திருத்தக் கைந்நூலும் கிடைக்குமா? புரொசசரும் கிராபிக்ஸ் சில்லும் பெரும்பாலான புதிய கணினிகளில் இனி மாறப்போவதில்லை. ஆகவே அவற்றை முதல்நாளே தேவைக்குச் சற்று மேலாகத் தெரிவு செய்தல் வேண்டும். பொருத்தியும் எம்எக்ஸ்எம் அட்டையும் உள்ள 2013 காலத்துக் கணினி கையில் இருந்தால், மாற்றுவதற்கு முன்னர் வெப்ப எல்லையையும், மின்இணைப்புப் பெட்டியின் வலுவையும், அதே மாதிரியில் அதே அட்டையை வேறெவரும் ஓடவைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

"எதிர்காலத்தில் மாற்றலாம்" என்று எழுதப்பட்ட விளம்பரத்தைக் கண்டால், மாற்றுப் பகுதி இன்று கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது வசதி. இல்லையேல் அது வாக்குறுதி மட்டுமே. வாக்குறுதிக்குத் தனியாக விலை கொடுக்கவேண்டியதில்லை.